சைக்கிள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2023–24

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

2023 ஏப்ரல் முதல் 2024 மார்ச் வரையிலான அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். செயற்குழுக் கூட்டங்களின் தீர்மானங்கள் பதிவேட்டில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். நான் பேச நினைப்பது ஒரே ஒரு விஷயம்தான். ரோட்டில் ஓட்டுவதையும் அறைக்குள் ட்ரெய்னரில் (சைக்கிளை நின்ற இடத்திலேயே பிடித்து வைத்து மிதிக்க விடும் கருவி) மிதிப்பதையும் இந்த ஆண்டு ஒரே பயிற்சியாகச் சேர்த்தோமே, அது எப்படிப் போயிற்று என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஏன் ஆரம்பித்தோம் என்பது பழைய உறுப்பினர்களுக்குத் தெரியும். தீபாவளி நெருங்கினால் மழை பிடித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை காலை திருவான்மியூரில் கூடுகிற கூட்டம் பாதியாகும், அப்புறம் நாலைந்து பேராகும். பொங்கலுக்குப் பிறகு வெயில் தெளிந்து எல்லோரும் திரும்பும்போது கோவளம் போய் வருவதற்குள் மூச்சு வாங்கும். பிரெவே என்ற, நேரக் கெடு உள்ள நெடுந்தூர ஓட்டம் ஓட்டுகிறவர்களுக்கு இது இன்னும் கஷ்டம். அவர்களுடைய பருவம் நவம்பர் 1-இல் தொடங்கி அடுத்த அக்டோபரில் முடிகிறது. அதற்குள் 200, 300, 400, 600 கிலோமீட்டர் நான்கையும் முடித்தால்தான் சூப்பர் ராண்டனர் என்ற பட்டம். இருநூறை 13.5 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். பருவம் தொடங்கும் அதே வாரத்தில்தான் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழையும் வலுக்கிறது.

சென்ற ஏப்ரல் கூட்டத்தில் ட்ரெய்னர் யோசனையை வைத்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர், "ரூமுக்குள்ள நின்ன இடத்துல மிதிக்கிறதுக்குப் பேரு சைக்கிளா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று நான் மேத்யூ ஹேமன் கதையைச் சொன்னேன். 2016 பிப்ரவரி கடைசியில் ஒரு பந்தயத்தில் விழுந்து கை எலும்பை முறித்துக்கொண்ட ஆஸ்திரேலியர் அவர். கையில் கட்டோடு வீட்டு கராஜில் ட்ரெய்னரில் மிதித்தார். ஆறு வாரம் கழித்து, ஏப்ரல் 10 அன்று, கருங்கல் பாவிய பாதைகளுக்குப் பேர்போன பாரிஸ்-ரூபே பந்தயத்தில், அதை நான்கு முறை வென்ற டாம் போனனை முந்தி முதலிடம் பிடித்தார். அன்று நான் சொல்லாமல் விட்ட பாதியையும் இப்போது சொல்கிறேன். ஹேமனுக்கு அது 15-ஆவது பாரிஸ்-ரூபே. கால் வலு தளராமல் பார்த்துக்கொண்டது கராஜ் என்றாலும், எந்தக் கல்லில் எப்படிச் சக்கரத்தை விட வேண்டும் என்ற கைப்பழக்கம் அத்தனை வருஷம் அந்தப் பாதையில் ஓட்டியதால் வந்தது. 2020 டிசம்பரில் நடந்த முதல் இ-ஸ்போர்ட்ஸ் சைக்கிள் உலகப் போட்டியில் (ட்ரெய்னரில் மிதித்துக் கணினித் திரையில் ஓட்டும் பந்தயம்) ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன், அப்போது துடுப்புப் படகு வீரர். அறைக்குள் கால் வலுவும் நுரையீரலும் போதும். ரோட்டுக்கு இன்னும் சில தேவை. இதை நாம் ஜனவரியில் பட்டுத் தெரிந்துகொண்டோம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

நாம் வைத்துக்கொண்ட முறை இதுதான். செவ்வாயும் வியாழனும் அறைக்குள், சனியும் ஞாயிறும் வெளியே. செவ்வாய் அன்று பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, நாலு நிமிடம் அழுத்தி, மூன்று நிமிடம் தளர்த்தி, இப்படி நாலு முறை. வியாழன் அன்று நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று வேகத்தில் சீராக முக்கால் மணி நேரம். நாலு நிமிடம் அழுத்துவதை ஏன் ரோட்டிலேயே செய்யக்கூடாது என்று கேட்கலாம். வேலை நாளில் அக்கரை தாண்டும்வரை ஈசிஆரில் சிக்னலும் பஸ்ஸும் நம்மை அத்தனை நேரம் ஒரே அழுத்தத்தில் மிதிக்க விடாது. ட்ரெய்னரில் கால் ஓய்ந்து உருள்வதற்கு இறக்கமும் கிடையாது, நேரம் முழுக்க மிதித்தே ஆக வேண்டும். அவரவர் அளவைத் தெரிந்துகொள்ள 20 நிமிடச் சோதனை வைத்தோம். அந்த இருபது நிமிடத்தில் தாக்குப்பிடித்த சராசரி வாட்டில் (மிதிக்கும் சக்தியின் அளவு) 95 சதவீதத்தை அடிப்படையாக எடுத்துக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வாட் கணக்கெல்லாம் கிடையாது. மகாபலிபுரம் போய், டிபன் சாப்பிட்டு, வெயில் ஏறுவதற்குள் திரும்புவது வழக்கம்போலத்தான்.

அறையில் முதல் மாதமே ஒரு பாடம். மே மாதக் கத்திரியில், ஒரே ஒரு சீலிங் ஃபேனுக்குக் கீழே மிதித்தபோது, ரோட்டில் சுலபமாக வரும் வாட்டுக்கு இதயத்துடிப்பு எங்கோ போயிற்று. இரண்டு பேருக்குத் தலை சுற்றியது. வெளியே 25, 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றே வியர்வையை உலர்த்தி உடம்பைக் குளிர வைக்கிறது. உள்ளே அந்தக் காற்று இல்லை, வியர்வை உலராமல் தரையில்தான் சொட்டுகிறது. உடனே இரண்டு பெடஸ்டல் ஃபேன் வாங்கினோம். ஒன்று நேர் எதிரே நெஞ்சுக்கு, இன்னொன்று பக்கவாட்டில். இந்தச் செலவுக்குச் செயற்குழுவின் ஒப்புதலைப் பின்னால்தான் வாங்கினேன், பொதுக்குழுவும் ஏற்க வேண்டுகிறேன்.

வியர்வை சைக்கிளையும் தின்கிறது. ஜனவரி சர்வீஸில் ஓர் உறுப்பினரின் ஹேண்டில்பாரைக் கழற்றினோம். அதை ஸ்டெம்மோடு (ஹேண்டில்பாரைத் தாங்கும் தண்டு) சேர்த்துப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டில் இரண்டு உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தன. மூன்றாவதில் அலன் கீயை வைத்துத் திருப்பியதும் தலை மட்டும் தனியாகக் கையோடு வந்துவிட்டது. வேகமாக இறங்கும்போது அது நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஹேண்டில்பார் மேல் துண்டு போடாமல் யாரும் ட்ரெய்னரில் ஏறக்கூடாது. மிதித்து முடித்ததும் ஈரத்துணியால் சைக்கிளைத் துடைத்துவிட வேண்டும்.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழை. அந்த வாரம் பயிற்சி யாருக்கும் நினைவில் இல்லை. தண்ணீர் வடிந்த தெருக்களில் பால் பாக்கெட்டும் மெழுகுவத்தியும் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்த உறுப்பினர்களுக்குச் சங்கத்தின் சார்பில் மனமார்ந்த நன்றி. அறை இருக்கும் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று. கரண்டில் ஓடும் ஸ்மார்ட் ட்ரெய்னர் சும்மா நின்றது. மூலையில் கிடந்த பழைய ரோலருக்குக் கரண்ட் வேண்டாம். மூன்று உருளைகள் மேல் பிடிமானமே இல்லாமல் சைக்கிளை நிறுத்தி ஓட்டுவதால் சமநிலையும் பழகும். அதை விற்றுவிடலாம் என்று சென்ற ஆண்டு வந்த தீர்மானத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இந்த முறையால் மழைக்காலம் முழுக்கக் குழு கலையவில்லை. ஜனவரியில் வந்தவர்கள் வலுவோடு வந்தார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து அறைக்குள்ளேயே இருந்த ஓர் உறுப்பினர், முதல் ஞாயிறே குழுவோடு சேர்ந்துகொண்டார். அந்த மாதங்களில் காற்று வடகிழக்கிலிருந்து வரும். போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். முட்டுக்காடு பாலம் தாண்டி எதிர்காற்றில் எல்லோரும் நெருங்கி ஓட்டினோம். முன்னால் போனவர் லேசாக பிரேக் பிடிக்க, இவருடைய முன்சக்கரம் அவருடைய பின்சக்கரத்தை உரசிவிட்டது. முழங்கையிலும் இடுப்பிலும் சிராய்ப்பு. ஹெல்மெட் விரிசல் விட்டது, தலைக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் வலு இருந்தது, இடைவெளி பார்க்கும் கண் பழக்கம்தான் மூன்று மாதத்தில் விட்டுப்போயிருந்தது. இதைச் செயலாளராக நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன்.

ஆகவே வரும் ஆண்டுக்கு இரண்டு மாற்றங்கள். மழைக்காலத்திலும் வாரம் ஒரு முறையாவது, மழை விட்ட நேரம் பார்த்து, ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டியே ஆக வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ரோட்டுக்கு வராதவர்கள் முதல் இரண்டு சனிக்கிழமைகளில் வளைவு, பிரேக், கைசைகை, ஒருவர் பின் ஒருவராக ஓட்டுவது ஆகியவற்றைப் பழகிவிட்டுத்தான் ஞாயிறு குழுவில் சேர வேண்டும். சொல்லிக்கொடுக்க அந்த மூத்த உறுப்பினரே முன்வந்திருக்கிறார். டிசம்பரில் ரோலரில் அதிக நாள் ஏறியவரும் அவர்தான்.

ட்ரெய்னர் அறைச் சாவி இனி என் வீட்டில் இருக்காது. வாட்ச்மேனிடம் இருக்கும், நோட்டில் பெயரும் நேரமும் எழுதிவிட்டு வாங்கிக்கொள்ளலாம். துண்டு அவரவர் கொண்டுவரவும்.

இப்படிக்கு,
செயலாளர்