உன் இரண்டாவது ஓட்டு

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. வாய்தான் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் ஒன்று சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "எங்க ஏரியாவுல எப்பவும் ஒரே கட்சிதாம்மா ஜெயிக்கும். நான் போட்டு என்ன ஆகப்போகுது? பேரே பதியலை." ஆக்லாந்தில் உட்கார்ந்துகொண்டு நம்மூர்ப் பேச்சைப் பேசுகிறாய். மிளகாய்த்தூளோடும் அப்பளத்தோடும் அதுவும் உன் பெட்டியில் ஏறிவிட்டது போலிருக்கிறது. போனில் விளக்க ஆரம்பித்தால் "மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

ஈரோடு பக்கத்து மொடக்குறிச்சிக்கு நான் எலெக்‌ஷன் டூட்டி போனது உனக்கு நினைவிருக்காது. 1996. நீ அப்போது நான்காம் வகுப்பு. அந்த ஒரு சட்டமன்றத் தொகுதியில் மட்டும் 1,033 பேர் போட்டியிட்டார்கள். விவசாயிகள் குறையை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்ற கோபத்தில் ஆளாளுக்கு மனுத் தாக்கல் செய்துவிட்டார்கள். வாக்குச்சீட்டு சீட்டாக வரவில்லை, புத்தகமாக வந்தது. ஒரு பாட்டி அதைக் கையில் வாங்கி எடை பார்ப்பது போலத் தூக்கிப் பார்த்தார். "நம்ம சின்னம் எத்தனாவது பக்கத்துல இருக்குதுங்க டீச்சர்?" என்று கேட்டார். நான் சொல்லக்கூடாது. "நீங்களே பாருங்க ஆத்தா" என்றேன். அட்டை மறைப்புக்குப் பின்னால் தாள் புரளும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வெளியே வரிசை முனகியது. பாட்டி வியர்த்து வழிய வெளியே வந்து, "ஒரு வழியாக் கண்டுபுடிச்சுட்டேன்" என்று சிரித்தார்.

எண்ணி முடித்தபோது 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. அவர்கள் தங்கள் ஓட்டை யாருக்குப் போட்டார்களோ! அரசாங்கம் அதிலிருந்து கற்ற பாடம் என்ன தெரியுமா? அதே வருஷம் சட்டமன்ற டெபாசிட்டை 250 ரூபாயிலிருந்து 5,000 ஆக்கிவிட்டார்கள். ஆயிரம் பேர் ஏன் வாசலில் வந்து நின்றார்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாசலைத்தான் குறுக்கினார்கள்.

அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். ஐம்பது வருஷமாக ஒரே சின்னம். ஒரு தடவைகூட நம் தொகுதியில் அவர் ஆள் ஜெயித்ததில்லை. ஒவ்வொரு முறையும் வேட்டி மடிப்புக் கலையாமல் போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து, மை வைத்த விரலை உன்னிடம் காட்டுவார். "தோக்குற கட்சிக்குப் போட்டா வீண்தானே?" என்று கேட்டதற்காக உன் தம்பியோடு இரண்டு நாள் பேசாமல் இருந்தார். ஆனால் அவன் கேட்டதில் தப்பில்லை. நம் முறையில் அது வீண்தான். தொகுதியில் ஒரு ஓட்டு கூடுதலாக வாங்கியவர் எம்.எல்.ஏ. மற்றவர்களுக்கு விழுந்ததெல்லாம் அன்று இரவே செத்துவிடும்.

2014 மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டில் அ.தி.மு.க.வுக்கு 44 சதவீதம் போலத்தான் ஓட்டு. இடங்களோ 39-க்கு 37. 23 சதவீதத்துக்கு மேல் வாங்கிய தி.மு.க.வுக்கு ஒன்றுமே இல்லை. பத்து வருஷம் கழித்துச் சக்கரம் சுற்றி 2024-இல் தி.மு.க. கூட்டணி 39-ஐயும் அள்ளியது, பாதி ஓட்டுக்கூட வாங்காமல். 20 சதவீதம் வாங்கிய அ.தி.மு.க.வுக்குப் பூஜ்யம். இந்தக் கட்சிக்காரர் அந்தக் கட்சிக்காரரைப் பார்த்துச் சிரிப்பார், அடுத்த முறை அவர் சிரிப்பார். நடுவில் லட்சக்கணக்கான பேருக்கு டெல்லியில் பேச ஆள் கிடையாது.

நீ போனதிலிருந்து உங்கள் நியூசிலாந்தைப் பற்றி எது கிடைத்தாலும் படிக்கிறேன். அங்கேயும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. 1978-இலும் 1981-இலும் லேபர் கட்சிக்குத்தான் அதிக ஓட்டு, ஆட்சி என்னவோ நேஷனல் கட்சிக்கு. 1981-இல் சோஷியல் கிரெடிட் என்ற கட்சி நூற்றுக்கு 20 ஓட்டு வாங்கியது. 92 இடங்களில் அதற்குக் கிடைத்தது இரண்டு. அந்த நாட்டு அரசாங்கம் 1985-இல் இதை ஆராய ஒரு கமிஷன் போட்டது. அடுத்த வருஷம் அது, ஜெர்மனியில் இருப்பது போல ஆளுக்கு இரண்டு ஓட்டு கொடுங்கள் என்றது. பெரிய கட்சிகள் இரண்டுக்கும் அது கசந்தது. கடைசியில் ஜனங்களையே கேட்டார்கள். 1992-இல் ஒரு முறை, 1993-இல் இன்னொரு முறை. 54 சதவீதம் பேர் மாற்றத்துக்குக் கை தூக்கினார்கள். புது முறையில் முதல் தேர்தல் எப்போது தெரியுமா? 1996 அக்டோபர். நான் இங்கே அந்தப் புத்தகத்தைக் கிழித்துக் கொடுத்த அதே வருஷம்!

உன்னிடம் கொடுக்கப்போகும் சீட்டில் வலப்பக்கம் உன் தொகுதி வேட்பாளருக்கு. அதில் நீ சொல்வது சரி, உங்கள் ஏரியாவில் முடிவு தெரிந்ததுதான். இடப்பக்கம் கட்சிக்கு. கணக்கு முழுக்க அங்கேதான் இருக்கிறது. ஒரு கட்சிக்கு நாடு பூராவும் சேர்த்து 10 சதவீதம் கட்சி ஓட்டு விழுந்தால், 120 இடங்களில் ஏறக்குறைய 12 அதற்கு. தொகுதிகளில் நான்கு ஜெயித்திருந்தால் மீதி எட்டுப் பேர் அந்தக் கட்சி கொடுத்த பட்டியலிலிருந்து வருவார்கள். நீ எந்தத் தெருவில் இருந்தாலும் அந்த ஓட்டுக்கு ஒரே எடை. அப்பா மட்டும் அங்கே பிறந்திருந்தால்!

பெண்கள் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 1996-இல் நடந்த அந்த ஒரே தேர்தலில் உங்கள் பார்லிமென்ட்டில் பெண்கள் 21 சதவீதத்திலிருந்து 29 ஆனார்கள். பட்டியலில் பத்தும் ஆம்பளைப் பெயராகப் போட்டால் ஊர் பார்த்துச் சிரிக்கும். இங்கே தொகுதிக்கு ஒருவர்தானே, "ஜெயிக்கிற கேண்டிடேட்" என்று சொல்லி ஆம்பளையையே நிறுத்திவிடலாம். 2021-இல் நம் சட்டமன்றத்துக்கு 234 பேரில் 12 பெண்கள் போனார்கள்.

எல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. பட்டியல் இடம் கிடைக்க ஒரு கட்சி 5 சதவீதம் கட்சி ஓட்டு வாங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தொகுதியாவது ஜெயிக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். 2008-இல் 4 சதவீதம் வாங்கிய நியூசிலாந்து ஃபர்ஸ்ட் கட்சிக்கு ஒன்றும் இல்லை. அதைவிடக் குறைவாக 3.65 வாங்கிய ஆக்ட் கட்சிக்கு ஐந்து எம்.பி., எப்சம் தொகுதியை ஜெயித்ததால். இது எந்த ஊர் நியாயம்? பட்டியல் தயாரிப்பதும் கட்சிக்காரர்கள்தான். அதை நம்மூரில் நினைத்துப் பார்த்தால் எனக்கே வயிற்றைக் கலக்குகிறது. முதல் பெயர் மகன், இரண்டாவது மருமகன், பன்னிரண்டாவதாகக் கல்குவாரிக்காரர். 1996-இல் எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வரவில்லை. நியூசிலாந்து ஃபர்ஸ்ட் தலைவர் வின்ஸ்டன் பீட்டர்ஸ் யார் பக்கம் என்று சொல்வதற்குள் இரண்டு மாசம் ஓடிவிட்டது.

ஆனாலும் 2011-இல் மறுபடியும் கேட்டபோது 57 சதவீதத்துக்கு மேல் இந்த முறையே இருக்கட்டும் என்றிருக்கிறார்கள். பழகிப் பார்த்தவர்கள் சொன்னது அது.

இங்கேயும் பேச்சு வராமல் இல்லை. 1949-இல் அரசியல் நிர்ணய சபையில், வாங்கிய ஓட்டுக்கு ஏற்ற அளவில் இடம் தரும் விகிதாசார முறை வேண்டும் என்று கேட்டபோது, அதற்கு எழுத்தறிவு பெரிய அளவில் வேண்டும், சபையும் துண்டு துண்டாகிவிடும் என்று அம்பேத்கர் மறுத்தார். அன்றைக்கு அது சரி. இரண்டாவது காரணம் இன்றைக்கும் யோசிக்க வேண்டியதுதான். முதல் காரணத்தை இன்று யாராவது சொன்னால் மொடக்குறிச்சிப் பாட்டியைக் காட்டுவேன். ஆயிரம் சின்னத்தில் தன் சின்னத்தைத் தேடிப் பிடித்தவர், ஒரு தாளில் இரண்டு இடத்தில் குறி போட மாட்டாரா? 1999-இல் சட்ட ஆணையமே தொகுதியோடு கொஞ்சம் பட்டியல் இடங்களையும் சேர்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தது. இதுவரை அதை எடுத்துத் தூசி தட்ட ஆளில்லை. இப்போதைய முறையில் ஜெயித்து வந்தவர்கள்தானே அதை மாற்ற வேண்டும்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். குடியுரிமை வாங்காவிட்டாலும் நிரந்தரமாக வசிக்கிறவர்களுக்கு அங்கே ஓட்டு உண்டு. நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. ஓட்டுப் போடுவது உன் இஷ்டம், ஆனால் பெயர் பதிவது சட்டப்படி கட்டாயமாம். சட்டத்தை மீறிக்கொண்டு இருக்கிறாய், டீச்சர் பெண்! கடைசி நாள் வரை இழுக்காமல் இந்த வாரமே பதிந்துவிடு. மாப்பிள்ளையையும் பதியச் சொல். யாருக்குப் போடப்போகிறாய் என்று நான் கேட்க மாட்டேன்.

பருப்புப்பொடியும் நெல்லிக்காய் ஊறுகாயும் அடுத்த வாரம் பார்சலில் வரும். சின்னவளுக்கு முத்தம்.

அன்புடன்,
அம்மா

கண்ணு, அப்பா எழுதுவது. அந்த ஊரில் விரலுக்கு மை வைக்க மாட்டார்களாமே, அம்மா சொன்னாள். அப்புறம் நீ ஓட்டுப் போட்டாய் என்று நான் எதைப் பார்த்து நம்புவது?