முகம் கடைசியில் வரட்டும், முதலில் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஃபேன்டஸி கதைப் போட்டி அறிவிப்பைப் பார்த்தேன், ரொம்பச் சந்தோஷம். ஆனால் மாதிரிக்கு என்று பக்கத்தில் போட்டிருந்த கதையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். கடலுக்கு அடியில் ஒரு இனம், பச்சைத் தோல், விரலிடையில் சவ்வு, தங்க அரண்மனை, கையில் வாள், விருந்துக்குச் சோறு. நெல் எங்கே விளைந்தது, உலை எப்படிக் கொதித்தது? தண்ணீருக்குள் வாளை வீசினால் பாதி தூரம் போவதற்குள் கை சோர்ந்துவிடும், அங்கே குத்தீட்டிதான் உதவும். கற்பனைதானே என்று சிலர் சொல்லலாம். கற்பனைதான். ஆனால் அந்த மக்கள் இருக்கிறார்கள் என்று நான் நம்பினால்தானே அவர்கள் சாகும்போது எனக்கு அழுகை வரும்?

நான் ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடத்துக்காரி. சாயங்காலம் தெருப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்துக் கதை சொல்வேன், எழுதவும் வைப்பேன். அவர்களும் முதலில் இப்படித்தான் எழுதினார்கள், நீளக் காது, பனிமலை, வெள்ளைக் குதிரை. வெளிநாட்டுச் சரக்கு என்பதால் நான் குறை சொல்லவில்லை. ஆளை முகத்தை வைத்துச் செய்துவிட்டு, நிலத்தை நாடகத் திரை மாதிரிப் பின்னால் தொங்கவிடுகிறோமே, அதுதான் தப்பு.

எங்கள் தீவையே எடுத்துக்கொள்ளுங்கள். வடக்கே பாக் விரிகுடா, அதைப் பெண்கடல் என்போம். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும், தென்மேற்கிலிருந்து கச்சான் எழுந்தால் அப்படியே தலைகீழ். எந்த மாதம் கையில் காசு, எந்த மாதம் கடன், கல்யாணத்தை எப்போது வைப்பது என்பதையெல்லாம் காற்றுதான் சொல்லும். எங்க அம்மாச்சி தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி ஊற்றுத் தண்ணீர் எடுத்தவர். மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட லேசு, அதனால் மணலுக்குள் அதன்மேல் மிதந்து நிற்கும். ஆழமாகத் தோண்டினாலோ அவசரப்பட்டு நிறைய இறைத்தாலோ அடியில் இருக்கும் உப்பு மேலே வந்துவிடும். அதனால் சிரட்டையால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மொள்ள வேண்டும், ஊறும்வரை காத்திருக்க வேண்டும். இதை மட்டும் வைத்தே ஒரு இனத்துக்குச் சட்டம் எழுதலாம், சாமி எழுதலாம், பொறுமை இல்லாதவனை அந்த ஊர் எப்படித் திட்டும் என்றுகூட எழுதலாம்.

போன மாதம் பிள்ளைகளிடம் ஒரே ஒரு விதி சொன்னேன். முகம் கடைசியில். என்ன தின்பார்கள், மூச்சு எப்படி, தண்ணீர் எப்படி, அது முதலில். ஒரு பையன் ஆவுளியாவை எடுத்துக்கொண்டான். கடல்பசுவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அது மீன் இல்லை, பால் கொடுக்கும் பிராணி, சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். தின்பது கடல்புல். புல்லுக்கு வெயில் வேண்டும் என்பதால் ஆழம் குறைந்த, தெளிந்த தண்ணீரில்தான் அது செழிக்கும். இந்த மூன்றை வைத்து அவர்கள் கட்டிய இனத்தைக் கேளுங்கள். ஆழ்கடல் அரண்மனை போயே போய்விட்டது, ஊர் புல்வெளி ஓரத்துக்கு வந்துவிட்டது. வழி கேட்டால் "மூணு மூச்சு தூரம்" என்பார்கள், அவர்கள் பாடும் பாட்டின் ஒரு வரி ஒரு மூச்சுக்கு மேல் நீளாது. தண்ணீரைக் கலக்கிச் சேறாக்குவது அங்கே கொலைக்குச் சமம், ஏனென்றால் கலங்கினால் வெயில் இறங்காது, வெயில் இறங்காவிட்டால் புல் செத்துப்போகும். ஆவுளியா பெரும்பாலும் ஒரு குட்டிதான் போடும், 13 மாதம் போலச் சுமக்கும், அடுத்த குட்டிக்கு வருஷக்கணக்கில் ஆகும் என்று சொன்னேன். உடனே ஒரு பொண்ணு, "அப்ப அங்க அநாதைன்னே யாரும் இருக்க மாட்டாங்கக்கா, ஊரே சேர்ந்து வளர்க்கும்" என்றாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்புறம் இழுவை வலை வந்தது. அடித்தரையை வாரிக்கொண்டு போகும் அந்த வலையைப் படகிலிருந்தே பார்த்துப் பழகிய பிள்ளைகள் அதைக் கீழேயிருந்து பார்த்து எழுத வேண்டியிருந்தது. அந்தப் பையனின் அப்பா விசைப்படகில் போகிறவர். இரண்டு நாள் அந்தப் பக்கத்தை அவன் எழுதவே இல்லை. மூன்றாம் நாள் எழுதினான், வலை இழுப்பவனுக்கும் வீட்டில் பசி இருக்கிறது என்று சேர்த்து எழுதினான்.

இது புது வித்தை இல்லை. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்துவிட்டுத்தான் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் என்று கருப்பொருளுக்கு வருகிறது. மணிமேகலையில் கப்பல் உடைந்து சாதுவன் நாகர் மலையில் ஒதுங்குகிற இடத்தைப் படித்துப் பாருங்கள். கள் காய்ச்சும் பானை, புலால் நாற்றம், காய்கிற வெள்ளெலும்பு, இதற்கு நடுவில்தான் நாகர் தலைவன் இருக்கிறான். அவர்களுக்கென்று ஒரு மொழி உண்டு, அது தெரிந்ததால்தான் சாதுவன் உயிர் பிழைக்கிறான். ஆளைக் கொன்று தின்னும் அந்தக் கூட்டத்தின் தலைவன் வாதாடுகிறான், கேட்டுக்கொள்கிறான், தங்களுக்கு ஏற்ற அறம் எது என்று கேட்கிறான். இன்றைக்கு நாம் எழுதும் அரக்கர்கள் ஏன் உறுமுவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்?

ஒரு இனம் என்றால் எல்லோருக்கும் ஒரே குணம் என்று எழுதுவதும் எனக்குத் தாங்கவில்லை. குள்ளர் எல்லாம் பேராசைக்காரர், வனத்தார் எல்லாம் ஞானிகள். எங்கள் ஒரு மாவட்டத்திலேயே முண்டு மிளகாய் போடுகிறவர் மழையைப் பார்த்து வானத்தை அண்ணாந்து நிற்பார், கரைக்காரர் காற்றைப் பார்ப்பார். கீழக்கரையில் தேங்காய்ப்பால் ஊற்றிக் கிண்டும் தொதல் என்ற இனிப்பு, இலங்கையிலும் மலேசியாவிலும் கிண்டுகிற அதே பண்டத்துக்குச் சொந்தம், கப்பல் போய்வந்த வழி நாக்கில் தெரியும். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றிக்கொள்வார்கள், பவளப்பாறை கையைக் கிழிக்கும் என்பதால். அந்தத் துணிக்கு இருக்கிற காரணம் உங்கள் மாதிரிக் கதையில் வரும் தங்கக் கவசத்துக்கு இல்லை.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பாடத்தில் படிக்கிறோம். அதில் பூவரசன்பட்டியும் விலாங்குச்சல்லியும் கடலுக்குள் போய்விட்டன, பவளப்பாறையை வெட்டி எடுத்ததில். கதைக்குள் தொலைந்துபோன ஒரு நாடு வேண்டும் என்றால் சாபம் தேடி எங்கும் போக வேண்டியதில்லை.

என் கோரிக்கை இரண்டுதான். போட்டி விதிகளில், கதையோடு ஒரு பக்கம் அந்த ஊரைப் பற்றியும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தண்ணீர், காற்று, சாப்பாடு, செத்தவரை என்ன செய்வார்கள், இவ்வளவு போதும், கையால் போட்ட வரைபடம் இருந்தால் இன்னும் நல்லது. இரண்டாவது, கடைசித் தேதி எங்கள் பிள்ளைகளின் பரீட்சை வாரத்தில் விழுகிறது. பதினைந்து நாள் தள்ளி வைத்தால் ஆவுளியாக் கதையை முடித்து அனுப்பிவிடுவோம், இன்னும் இரண்டு அத்தியாயம்தான் பாக்கி.

இப்படிக்கு,
வாசகி ஒருத்தி,
தங்கச்சிமடம்