பிளிட்விட்சே ஏரிகளுக்கு ரெண்டு மணி நேரம் பத்தாதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயித்துக்கிழமை பயணப் பக்கத்துல குரோஷியா பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். அந்தப் பக்கத்து ஊர்களப் பத்தி தமிழ்ல எழுதுறவங்க கம்மி, அதனால சந்தோஷமாதான் ஆரம்பிச்சேன். ஆனா பிளிட்விட்சே ஏரிகள் தேசியப் பூங்கா வர்ற இடத்துல, தலைநகர் ஜாக்ரெப்லேர்ந்து கடலோர ஊரான ஸ்ப்ளிட் போற வழியில ஒரு ரெண்டு மணி நேரம் இறங்கிப் பாத்துட்டு போயிடலாம்னு எழுதியிருந்ததப் பாத்ததும் மனசு கேக்கல. அத நம்பி வயசான அப்பா அம்மா, சின்னப் பிள்ளைங்கனு கூட்டிட்டு போயி நிக்கிற குடும்பத்த நெனச்சுதான் இத எழுதுறேன். எங்க சொந்தக்காரங்க, பிரண்ட்ஸ்னு யார் அந்தப் பக்கம் கிளம்பினாலும் அந்த ஒரு நாளுக்கு பிளான் போட்டுக் குடுக்குறது நான்தான், அதனால எங்க சிக்கும்னு ஓரளவு தெரியும்.

மொதல்ல ரெண்டு மணி நேரத்துல என்ன பாக்க முடியும்னு சொல்லிடுறேன். ஒண்ணாம் நம்பர் கேட்டுல நுழைஞ்ச உடனே மேல இருந்து ஒரு வியூ பாயின்ட் வரும், எதிர்ல வெலிகி ஸ்லாப், 78 மீட்டர், குரோஷியாவுலயே உயரமான அருவி. கீழ இறங்கி அதுக்குப் பக்கத்துல போயி போட்டோ எடுத்துட்டு திரும்பி ஏறி வரலாம், அவ்ளோதான் நேரம் முடிஞ்சுது. பேர் வச்ச ஏரி மட்டும் மொத்தம் 16, அதுல 4 கீழ்ப்பக்கம், 12 மேல்பக்கம். அந்த 12 பக்கமும் கால் வைக்காமலே பஸ் ஏறிடுவாங்க. என்னக் கேட்டா மேல இருக்குற ஏரிங்கதான் இன்னும் அழகு. கீழ சுண்ணாம்புப் பாறைய அறுத்த பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் செங்குத்தா செவுரு, நடுவுல பச்சையும் நீலமுமா தண்ணி, கூட்டமும் அங்கதான். மேல போனா டோலமைட்னு வேற வகைப் பாறை, பள்ளத்தாக்கு விரியுது, காட்டுக்குள்ள ஒரு ஏரி நிறைஞ்சு வழிஞ்சு அடுத்த ஏரியில விழுது, அது வழிஞ்சு அதுக்கடுத்ததுல விழுது, நடக்குற மரப்பலகைக்கு அடியிலயே தண்ணி ஓடுது. வெலிகி ப்ர்ஷ்டாவாட்ஸ்னு ஒரு அருவி, 28 மீட்டர்தான் இருக்கும், ஆனா பாசி படர்ந்த அகலமான செவுரு முழுக்க வழிஞ்சு விழுற அழகு இருக்கே, 78 மீட்டர் அருவியைவிட எனக்கு அதான் பிடிக்கும்.

அதனால குறைஞ்சது ஆறு மணி நேரம் ஒதுக்குங்க. அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, டிக்கெட். அங்க டிக்கெட் நாளுக்கு மட்டும் இல்ல, எத்தன மணிக்கு உள்ள நுழையணுங்கறதுக்கும் சேத்துதான் குடுக்குறாங்க. நீங்க எடுத்த மணி நேரத்துக்குள்ள கேட்டுல நிக்கணும், உள்ள போயிட்டா சாயங்காலம் வரைக்கும் இருக்கலாம். கோடையில காலை ஸ்லாட்டெல்லாம் முன்கூட்டியே தீந்துபோயிடும், வழியில இறங்கிப் பாத்துக்கலாம்னு போறவங்களுக்கு அன்னைக்கு கிடைக்கிறது மத்தியான வெயில் ஸ்லாட்டுதான், அதுவும் இருந்தா. கொஞ்ச வருஷமா கோடைக்கு பெரியவங்க டிக்கெட் 40 யூரோ, குளிர்காலத்துக்கு 10 யூரோ. நாலு பேர் குடும்பத்துக்கு இது சின்னக் காசு இல்ல, அவ்ளோ குடுத்துட்டு ஒரு அருவிய மட்டும் பாத்துட்டு வர்றது நியாயமா சொல்லுங்க. படகுக்கும் உள்ள ஓடுற வண்டிக்கும் தனியா காசு கிடையாது, இந்த டிக்கெட்லயே அடங்கிடும். எடுக்குறப்ப பூங்காவோட சொந்த வெப்சைட்லயே எடுங்க.

கட்டுரையில சொல்லாம விட்டதுலயே பெருசு, எந்த கேட்டு, எந்தப் பக்கமா நடக்குறதுங்கறது. ரெண்டு மெயின் கேட்டு இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல ரெண்டரை மூணு கிலோமீட்டர் இருக்கும், ரெண்டும் ஜாக்ரெப் போற அதே டி1 ரோட்டு மேலதான். பூங்காக்காரங்களே ஏ, பி, சி, ஈ, எஃப், ஹெச், கேனு எழுத்து போட்டு ரூட்டு பிரிச்சு வச்சிருக்காங்க, உள்ள போர்டுல அந்த எழுத்தப் பாத்துதான் போகணும். ஏ ரூட்டு 3.5 கிலோமீட்டர்தான், கீழ் ஏரி மட்டும். கே ரூட்டு 18 கிலோமீட்டர், முழுசா நடக்குறவங்களுக்கு. ஒரு நாள்ல போயி வர்றவங்க பாக்க வேண்டியது சி, இல்லன்னா ஹெச், ரெண்டுமே 8, 9 கிலோமீட்டர், 4 லேர்ந்து 6 மணி நேரம், ரெண்டுலயும் மேலயும் கீழயும் பாத்துடலாம், படகும் உண்டு. வித்தியாசம் என்னன்னா சி ரூட்டுல ஒண்ணாம் கேட்டுல ஆரம்பிச்சு கீழேர்ந்து மேல ஏறணும், ஹெச் ரூட்டுல ரெண்டாம் கேட்டுலேர்ந்து வண்டியில மேல கொண்டுபோயி விட்டுடுவாங்க, அங்கேர்ந்து தண்ணி போற போக்குலயே நாமளும் இறங்கி வரலாம். முழங்கால் வலி இருக்குறவங்க கூட வந்தா யோசிக்காம ஹெச் எடுங்க. அப்பக்கூட கடைசியில கீழ் ஏரியிலேர்ந்து வெளிய வர ஒரு ஏத்தம் இருக்கு, அத மட்டும் முன்னாடியே சொல்லிக் கூட்டிட்டு போங்க.

காலு நல்லா இருக்குறவங்களுக்கு நான் சி தான் சொல்வேன், ஆனா காலைல முதல் ஸ்லாட்டா இருக்கணும், கோடையில அது 7 மணி. டூர் பஸ்ஸெல்லாம் ஜாக்ரெப்லேர்ந்தும் ஜாதர்ங்கற கடலோர ஊர்லேர்ந்தும் கிளம்பி வந்து சேர்றதுக்குள்ள கீழ் ஏரிய நிம்மதியா முடிச்சிடலாம், ஏன்னா அங்க பலகைப் பாதை குறுகல், எதிர்ல ஒரு குரூப் வந்தா ஒதுங்கி நிக்கணும். அப்பறம் கோஸ்யாக் ஏரியில படகு. இருக்குறதுலயே பெரிய ஏரி அதான், ஆழமும் 47 மீட்டர், கரண்டுல ஓடுற படகு, சத்தமே இருக்காது, இருபது நிமிஷம் போல ஆகும். மத்தியானத்துல இந்தப் படகுக்கு க்யூ நீளமா நிக்கும், அந்த நேரத்தையும் பிளான்ல சேத்துக்குங்க. உள்ள ஓடுற வண்டிய ட்ரெயின்னு சொல்வாங்க, தண்டவாளம் கிடையாது, ரோட்டுல போறதுதான், அத எதிர்பாத்துட்டு போற பிள்ளைங்க ஏமாந்துடக் கூடாதுன்னு சொல்றேன்.

இவ்ளோ கட்டுப்பாடு எதுக்கு, நேரம் போட்ட டிக்கெட் எதுக்கு, ஒரு முங்கு முங்கிக் குளிச்சா என்னன்னு கேக்குறவங்க இருக்காங்க. அந்த இடம் எப்படி உருவாச்சுன்னு தெரிஞ்சா கேக்க மாட்டாங்க. மலைக்குள்ள ஓடி வர்ற தண்ணியில சுண்ணாம்பு கரைஞ்சிருக்கு. தண்ணி குதிச்சு விழுறப்ப அதுல இருக்குற கார்பன் டை ஆக்சைடு வெளிய போயிடுது, சுண்ணாம்பு பிரிஞ்சு அங்க இருக்குற பாசி மேலயும் ஆல்கா மேலயும் படியுது, படிஞ்சு படிஞ்சு கல்லாயிடுது, அந்தக் கல்லுதான் ஏரிக்கு ஏரி அணையா நிக்குது. நல்லா வளர்ற இடத்துலயே வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் போலதான் வளருது. அப்ப ஒரு செல்பிக்காக பலகைய விட்டு இறங்கி ஒரு மிதி மிதிச்சா எத்தன வருஷ வளர்ச்சி போகுதுன்னு பாத்துக்குங்க. தண்ணியில அழுக்கு, சன்ஸ்கிரீன் எல்லாம் கலந்தா அந்தக் கல்லு படியறதே தடைபடும், அதான் நீச்சலுக்கு அனுமதியே இல்ல. ஏரி மொத்தமும் பூங்கா பரப்புல ஒரு சதவீதம்கூட வராது, ஏறக்குறைய 300 சதுர கிலோமீட்டர்ல பாக்கி பூரா காடும் புல்வெளியும், கரடி, ஓநாய், லின்க்ஸ்ங்கற காட்டுப்பூனை எல்லாம் இருக்குற காடு, ஆனா வர்ற ஜனம் மொத்தமும் போயி நிக்கிறது அந்த ஒரு சதவீதத்துலதான். 2017 லேர்ந்து 2019 வரைக்கும் வருஷத்துக்கு 17 லட்சம் பேருக்கு மேல வந்திருக்காங்க. நேரம் போட்டு உள்ள விடலன்னா அந்தப் பலகைப் பாதை எப்படித் தாங்கும்.

1949 ல தேசியப் பூங்காவா அறிவிச்சாங்க, 1979 ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல சேத்துச்சு. 1991 ல யுகோஸ்லாவியா உடைஞ்சு யுத்தம் வந்தப்ப அந்தப் பூங்காவுக்குள்ளயே சண்ட நடந்துச்சு, 1992 லேர்ந்து 1997 வரைக்கும் யுனெஸ்கோவோட ஆபத்துல இருக்குற இடங்கள் பட்டியல்ல இருந்துச்சு. அவ்ளோ தாண்டி காப்பாத்தி வச்சிருக்காங்க, அத வழியில இருக்குற ஒரு ஸ்டாப் மாதிரி எழுதுனதுதான் எனக்கு வருத்தம்.

சாப்பாடு பத்தி ஒரு வார்த்த, சைவம் சாப்பிடுறவங்க கையில கொண்டு போங்க, படகுத்துறைக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட இடம் இருக்கு. கழிப்பறையும் கேட்டுலயும் படகுத்துறை மாதிரி இடத்துலயும்தான், பலகைப் பாதையில நடுவுல கிடையாது, கழிப்பறையப் பாத்தவுடனே பிள்ளைங்கள கூட்டிட்டு போயிட்டு வந்துடுங்க. தள்ளுவண்டி வேணாம், படிக்கட்டும் பலகையும்தான் வரும், குழந்தைய முதுகுல கட்டிக்கிற பை இருந்தா நல்லது. மழை பேஞ்சா பலகை வழுக்கும், செருப்பு போட்டுட்டு போகாதீங்க, பிடிமானமான ஷூ போடுங்க.

எப்ப போறதுன்னா, தண்ணி நிறைய பாக்கணும்னா ஏப்ரல் மே, பனி உருகி வர்ற தண்ணி. ஆகஸ்ட் கடைசியில வெலிகி ஸ்லாப்ல தண்ணி மெலிஞ்சு போயிடும், கூட்டமும் உச்சத்துல இருக்கும், பள்ளி லீவு அப்பதான்னா வேற வழியில்ல, காலை ஸ்லாட்ட மட்டும் விட்டுடாதீங்க. அக்டோபர்ல இலையெல்லாம் மஞ்சளும் சிவப்புமா மாறும், டிக்கெட்டும் கோடைய விட கம்மி. குளிர்காலத்துல மேல் ஏரிப் பாதையை மூடியிருக்கலாம், படகும் ஓடாம இருக்கலாம், அந்த 10 யூரோவ மட்டும் பாத்து முடிவு பண்ண வேணாம்.

எங்கேர்ந்து போறதுங்கறதும் முக்கியம். ஜாக்ரெப்லேர்ந்து சுமார் 130 கிலோமீட்டர், பஸ்ல ரெண்டு ரெண்டரை மணி நேரம், ஜாதர்லேர்ந்தும் ஏறக்குறைய அவ்ளோதான், இந்த ரெண்டு ஊர்லேர்ந்தும் ஒரே நாள்ல போயி வரலாம். ஸ்ப்ளிட்லேர்ந்து 240 கிலோமீட்டர், அங்கேர்ந்து போயிட்டு அன்னைக்கே திரும்புறது உடம்புக்கு ஆகாது, முக்கின்யே, யெஸெர்ட்சேனு பூங்காவ ஒட்டி சின்ன ஊருங்க இருக்கு, முந்தின ராத்திரி அங்க தங்கிட்டு காலைல முதல் ஆளா உள்ள போங்க. பஸ்ல போறவங்க திரும்பி வர்ற பஸ் டிக்கெட்டையும் முன்னாடியே எடுத்து வச்சுக்குங்க, ரோட்டோரம் நிறுத்தம்தான், சாயங்காலம் எல்லாரும் ஒண்ணா வந்து நிப்பாங்க. கார்ல போறவங்களுக்கு நேரம் மிஞ்சுச்சுன்னா ஜாக்ரெப் திரும்புற வழியில ஸ்லுன் ஊர்ல ராஸ்டோகே இருக்கு, பழைய தண்ணி மில்லுங்க, பாத்துட்டு வரலாம். விசா பத்திக் கட்டுரையில ஒண்ணுமே இல்ல, 2023 ஜனவரி 1 லேர்ந்து குரோஷியா ஷெங்கனுக்குள்ள (ஒரே விசாவுல பல ஐரோப்பிய நாடு போற ஏற்பாடு) வந்துடுச்சு, யூரோவும் அன்னைக்குத்தான் வந்துச்சு, அதனால ஷெங்கன் விசா போதும், அங்க முன்னாடி இருந்த குனா காச மாத்தணும்னு பழைய யூட்யூப் வீடியோவப் பாத்துட்டு அலைய வேணாம்.

ஐயா, கேக்குறது இவ்ளோதான். அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தம் போடுங்க, எந்த கேட்டு, எந்த எழுத்து ரூட்டு, எத்தன மணி நேரம், டிக்கெட்ல நேரம் இருக்குங்கறது, இது நாலும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியா வந்தாக்கூட போதும். கோடை லீவுக்கு பிளைட் பாக்க ஆரம்பிச்சவங்க இப்பவே நிறைய பேர் இருப்பாங்க, அதனால அடுத்த ஞாயிறே வந்துட்டா ரொம்ப உபயோகமா இருக்கும்.

இப்படிக்கு,
பயணப் பக்கத்த விடாம படிக்கிற ஒரு வாசகர்