விரிசல் விட்ட அம்பை எய்யக் கொடுக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நாற்பது வருடம் தச்சு வேலை பார்த்தவன் நான். பேத்தி இந்தியன் ரவுண்டு வில்வித்தை பழகுகிறாள். வில்லும் அம்பும் மூங்கிலோ மரமோதான், கார்பன் கிடையாது. போன மாதம் 30 மீட்டர் பயிற்சியில் நாணை விட்டதுமே அம்பு பிளந்து, ஒரு சிம்பு அவள் இடது கைப் பெருவிரலுக்குக் கீழே ஏறிவிட்டது. துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தேன். பழைய விரிசல். யாரோ அவசரப் பசையை விட்டு, மேலே வார்னிஷ் அடித்துப் பெட்டியில் போட்டிருக்கிறார்கள்.

நாண் தள்ளும் வேகம் முழுதும் அம்பின் வாலில்தான் விழுகிறது. தண்டு வளைந்து நெளிந்துதான் கிளம்பும். மேலாக ஒட்டிய விரிசல் அப்போது வாய் திறந்துவிடும். நடுத்தண்டில் விரிசல் என்றால் ஒட்டவே வேண்டாம், ஒடித்து அடுப்பில் போடுங்கள். காதருகே பிடித்து லேசாக வளைத்தாலே உள்ளே முனகுவது கேட்கும்.

முனைப் பக்கம் உடைந்தது வேறு. மரத்தண்டாக இருந்தால் அதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வராது. உடைந்ததை அறுத்து எடுத்துவிட்டு, தண்டின் நுனியை ஐந்து அங்குலத்துக்கு ஆப்பு மாதிரி இருபக்கமும் சீவ வேண்டும். தண்டைவிடத் தடித்த வைரம் பாய்ந்த வாகைத் துண்டில் அதே நீளத்துக்கு ரம்பத்தால் வாய் பிளந்து, அரால்டைட் தடவி ஆப்பை இறக்கி, நூலால் இறுக்கிச் சுற்றி ஒரு நாள் அப்படியே விட வேண்டும். அப்புறம் இழைப்புளி, உப்புத்தாள். ஒட்டு நீளமாக இருந்தால்தான் பசைக்குப் பிடிமானம், அரை அங்குல ஒட்டு நிற்காது. முன்பக்கம் கொஞ்சம் கனம் கூடும், அதனால் அதே எடையுள்ள அம்புகளோடுதான் சேர்க்க வேண்டும்.

இது புது வித்தை இல்லை. ஆல்ப்ஸ் மலைப் பனியில் 1991-இல் கிடைத்த, 5,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனிதனின் அம்பறாத்தூணியில் 14 தண்டுகள் இருந்தன. வேலை முடிந்த அம்புகள் இரண்டுதான். அதில் ஒன்றின் முன்பக்கம் வேறு மரத்துண்டு பொருத்தியது.

பயிற்சியாளர்கள் தினமும் எய்வதற்கு முன் ஒவ்வொரு அம்பையும் வளைத்துப் பார்க்கப் பிள்ளைகளைப் பழக்க வேண்டும். ஒட்டுப் போடவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் கூப்பிடுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் உளி, ரம்பத்தோடு நானே வருகிறேன்.

ஓய்வுபெற்ற தச்சர்,
திண்டுக்கல்