செயலாளர் ஆண்டறிக்கை: ஜூலைக் கூட்டமும் மற்றவையும்

தலைவர் அவர்களுக்கும் பட்டர்வொர்த் உறுப்பினர்களுக்கும் வணக்கம். மாதக் கூட்டங்கள் நடந்தன, தீபாவளி உபசரிப்பு நடந்தது, கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் நேராக ஜூலைக் கூட்டத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மலாயா அவசரகாலம், அதாவது காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களோடு அரசாங்கம் நடத்திய போர், 1960 ஜூலை 31-இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி, அதில் பணியாற்றியவர்களைப் பேச அழைத்தோம். பினாங்குக்கு வந்திருந்த ஓர் ஆஸ்திரேலியர், ஒரு நியூசிலாந்துக்காரர், அப்புறம் கெடா ரப்பர் தோட்டமொன்றில் ஸ்பெஷல் கான்ஸ்டபிளாக, அதாவது துணைக் காவலராக, இருந்த நம் தாத்தா. போர் எப்படி முடிந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

அறிவிப்பு வந்த பிறகும் தாய்லாந்து எல்லையில் ரோந்து ஓயவில்லை என்றார் ஆஸ்திரேலியர். மலாயாவில் இறந்த 39 ஆஸ்திரேலிய வீரர்களில் 15 பேர்தான் ராணுவ நடவடிக்கைகளில் உயிர்விட்டவர்கள் என்பதையும் சொன்னார், கொஞ்சம் கசப்போடுதான். நியூசிலாந்துக்காரருக்கு 1960 ஒரு கணக்கே இல்லை. 1955-இல் கெடாவின் பாலிங்கில் அப்போதைய முதலமைச்சர் துங்குவும் கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங்கும் பேசி முறிந்தது, 1989 டிசம்பர் 2-இல் தாய்லாந்தின் ஹாட்யாயில்தான் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானது, அதுவரை முடிந்தது என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்.

தாத்தா தேதியே சொல்லவில்லை. காட்டிலிருந்தவர்களுக்குச் சோறு போகக் கூடாதென்று, விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர்களை கம்பி வேலி வாசலில் சோதனை போடுவார்கள் இல்லையா, அந்த வாசலில் நின்றவர் இவர். ஒரு நாள் சொந்த அத்தையின் பால் வாளிக்குள் கையை விட்டால், வாழையிலையில் சுற்றிய சோற்று உருண்டை, மேலே எலுமிச்சை ஊறுகாய். அத்தை தன் பசிக்குத்தான் வைத்திருந்தார். அதிகாரி பக்கத்தில் நின்றதால் மண்ணில் கொட்ட வேண்டியதாயிற்று. அத்தை அப்புறம் பேசவே இல்லை. வட்டாரத்தை வெள்ளைப் பகுதியாக, அதாவது கெரில்லா ஆபத்து நீங்கிய இடமாக, அறிவித்துச் சோதனையை எடுத்த பிறகு ஒரு நாள், "என்னடா, இப்ப வாளியைப் பாக்கலையா?" என்று கேட்டாராம். "எனக்குப் போர் அன்னைக்கு முடிஞ்சுது" என்றார் தாத்தா. பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் சொல்லி முடித்ததும் ஆஸ்திரேலியர் எழுந்து வந்து தாத்தா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார், மீதிக் கேள்விகளுக்கு இருவரும் சரியாகப் பதில்கூட சொல்லவில்லை.

மைக் இரண்டு முறை செத்துப்போனது, மண்டபத்துக்காரர்களிடம் சொல்லியாயிற்று. பதிவு கைப்பேசியில் இருக்கிறது, எழுத்தாக்கத் தமிழ் தட்டச்சு தெரிந்த இருவர் வேண்டும். பெயர் கொடுப்பவர்கள் தேநீருக்கு முன்பே என்னைப் பாருங்கள்.