உள்ளக நோயாளருக்கும் தோல் வைத்திய நிபுணர் தேவை

ஆசிரியருக்கு,

அண்மையில் என் தந்தையார், இரண்டு கால்களும் முழங்காலுக்குக் கீழே சிவந்து வீங்கியிருந்தமையால், கொழும்பு வைத்தியசாலையொன்றில் அனுமதிக்கப்பட்டு, கிருமித்தொற்று என்ற எண்ணத்தில் நான்கு நாட்கள் சேலைனோடு அன்டிபயோட்டிக் ஏற்றப்பட்டார். ஐந்தாம் நாள் வந்த தோல் வைத்திய நிபுணர் கணுக்காலுக்கு மேலே விரலால் அழுத்தினார். குழி அப்படியே நின்றது. காய்ச்சலும் இல்லை, சிவப்போ இரு கால்களிலும். தொற்றென்றால் பெரும்பாலும் ஒரு காலில்தான் வரும் என்றும், இது நாளங்களில் இரத்தம் தேங்கியதால் வந்த தோலழற்சி என்றும் விளக்கினார். அன்டிபயோட்டிக் அன்றே நின்றது. பூச்சு மருந்தும் இறுக்கக் கட்டும் போதுமாயின.

அவரை முதல் நாளே அழைத்திருக்கலாம். தோல் என்றால் கிளினிக்கில் காட்டிக்கொள்ளலாம் என்ற நினைப்பு வாட்டுகளில் இன்னும் இருக்கிறது (நோயாளரின் உறவினரான நாமும் அப்படித்தான் நினைக்கிறோம்). ஆனால், வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெப்பீன், யூரிக் அமிலத்துக்குக் கொடுக்கும் அலோபியூரினோல் போன்ற மருந்துகள் சிலருக்கு, தொடங்கிச் சில வாரங்கள் கழித்தே, கண்ணும் வாயும் புண்ணாகித் தோல் உரியும் ஆபத்தான ஒவ்வாமையை உண்டாக்குகின்றன. அதனைச் சாதாரணத் தடிப்பென்று விடாது, காரணமான மருந்தை உடனே நிறுத்துவதிலேயே உயிர் தங்கியிருக்கிறது.

நிபுணர் உடனே வர இயலாதவிடத்து, வாட்டு வைத்தியர் நோயாளியின் சம்மதத்துடன் புகைப்படமும் மருந்துப் பட்டியலும் அனுப்பி அன்றே ஆலோசனை பெறும் ஒழுங்கைச் சுகாதார அமைச்சு ஏற்படுத்த வேண்டும். ஒவ்வாத மருந்தின் பெயரை நோய் நிர்ணய அட்டையில், நோயாளி வாசிக்கக்கூடிய மொழியிலும் எழுத்திலும் குறித்துக் கொடுக்கவும் வேண்டும்.

இவ்வண்ணம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை.