ஜமாலுக்கு, அந்த மஞ்சள் கொடி பற்றி

மண்டபம்

அன்புள்ள ஜமால்,

பெருநாளுக்கு வாழ்த்து சொல்லாததற்கு முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் நிதானமாகப் படி. இங்கே எல்லோரும் சௌக்கியம். காசி மகளுக்கு இடம் அமைந்துவிட்டது. வழக்கம்போல அவன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்துக்காகத்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பேசவிட மாட்டாய். காம்பவுண்டு ஓரமெல்லாம் மஞ்சள் கரிசலாங்கண்ணி, தினமும் துவையல் என்று பீற்றியிருந்தாயே, அது கரிசலாங்கண்ணியே இல்லை மாப்ள. ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வாசலில் அழகுக்கு நட்டு வைக்கிறார்களே, அந்த அமெரிக்கக் கொடி.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இலை தடிப்பாகப் பளபளவென்று இருக்கிறது. பக்கத்துக்கு ஒன்றாக மடல் பிரிந்து, ஓரத்தில் பெரிய பெரிய பல். அசல் மஞ்சள் கரிசாலைக்கு இலை ஒடுங்கி நீண்டிருக்கும், மடல் கிடையாது. வயல் வரப்பு, வாய்க்கால் கரை என்று ஈரம் தேடிப் போகும் செடி அது.

உன்னை மட்டும் குறை சொல்லவும் முடியாது. சூரியகாந்திக் குடும்பமே ஆளை ஏமாற்றுகிற குடும்பம். 24,000 இனங்களுக்கு மேல் இருக்கிறது. நாம் ஒரு பூ என்று கிள்ளுவது ஒரு கூட்டம். ஓரத்தில் இதழ் மாதிரி நீட்டிக்கொண்டிருப்பது ஒவ்வொன்றும் தனிப் பூ, நடுவே பொட்டுப் பொட்டாக நெருங்கி நிற்பவையும் தனித்தனிப் பூ. சாமந்தி, மூக்குத்திப்பூ எல்லாவற்றிலும் இதே ஏற்பாடுதான். பூவை மட்டும் பார்த்துப் பெயர் வைத்தால் இப்படித்தான் முடியும்.

செடிகளுக்கு விஞ்ஞானப் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே 1753-இல் நம் வெள்ளைக் கரிசாலையையும் மஞ்சளையும் வெர்பெசினா என்ற ஒரே பேரினத்தில்தான் (நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு) போட்டார். நம் வைத்தியர்கள் மாதிரியேதான். பின்னால் வெள்ளை எக்லிப்டாவுக்குப் போனது, மஞ்சள் வெடேலியாவுக்கு. 1996-இல் புருஸ்கி என்பவர் மஞ்சளை ஸ்ஃபாக்னெட்டிகோலாவுக்கு மாற்றினார். அதே வருஷம் அதே பேரினத்துக்கு இன்னொன்றையும் கொண்டுவந்தார், உன் காம்பவுண்டுக் கொடியை! ஆக, பெயரில் பங்காளியான வெள்ளையைவிட இந்த அமெரிக்காக்காரிதான் மஞ்சளுக்கு நெருங்கிய சொந்தம். சொந்தம் என்பதற்காக நம்பி வயிற்றுக்குள் விடலாமா? உன் சின்ன மாமனார் கதையை நான் சொல்லவேண்டியதில்லை.

விளையாட்டை விடு. துவையலை நம்பி சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டாய் என்று உன் மச்சான் சொன்னான். நிஜமா? காமாலையில் கிடந்து எழுந்த உடம்பு உன்னுடையது. கண்ட இலையை அரைத்துத் தின்று ஈரலைச் சோதித்துப் பார்க்க இது வயதில்லை. நாளைக்கே டாக்டரிடம் போ. என்ன சாப்பிட்டாய் என்பதை மறைக்காமல் சொல், இலையையும் கையோடு கொண்டுபோய்க் காட்டு.

கொடியை அறுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதே. கணுவுக்குக் கணு வேர் விடும், துண்டு விழுந்தாலும் முளைக்கும். உலகத்தின் மோசமான 100 அந்நிய ஊடுருவல் உயிரினங்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, இது அதில் இருக்கிறது. வேரோடு பிடுங்கிக் காய வைத்து எரி. ஊருணிப் பக்கம் கொட்டிவிட்டு வராதே.

இந்தக் கடிதத்தைத் தங்கச்சியிடமும் கொடு. துவையல் அரைப்பது நீ இல்லையே. சர்க்கரை எவ்வளவு என்று ரிப்போர்ட்டைப் படமெடுத்து அனுப்பு, போன வருஷத்து ரிப்போர்ட்டை இல்லை.

உன்
சண்முகம்